கோமாளி மீன்: எது எந்த இனம்? யார் ஆண், யார் பெண்?

உங்கள் முன்னே ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடல் நீர். அதில் இரண்டு சிறு மீன்கள் நீந்துகின்றன. இரண்டும் கிச்சிலிப் பழத்தின் நிறம். இரண்டின் உடலிலும் மூன்று வெள்ளைப் பட்டைகள். நெளிந்து நெளிந்து நீந்தும் முறையும் ஒன்றே. உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இவை ஒரே இனத்தைச் சேர்ந்தவையா, வேறு வேறு இனங்களா? இவற்றில் எது ஆண், எது பெண்?

கோழியையும் சேவலையும் பிரித்தறிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்னீர்த் தொட்டியில் வளரும் கப்பி மீனிலும் அப்படியே. வண்ண வாலை விசிறிக்கொண்டு திரிவது ஆண்; சாயம் வெளுத்தாற்போல் இருப்பது பெண். கடல் மீன்கள் சிலவும் எளிதாகவே பிடிபடும். கடற்குதிரையின் வயிற்றுக்குக் கீழே பை இருந்தால் அது ஆண். குட்டிகளைச் சுமப்பது அங்கே தந்தைதான். மாண்டரின் மீனின் முதுகில் முதல் முள் கொடிக்கம்பம் போல நீண்டிருந்தால் அதுவும் ஆண். ஆனால் கோமாளி மீனிடம் இந்த வித்தை எதுவும் செல்லாது.

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் பண்ணை ஒன்றில், முட்டையிடும் இணை வேண்டுமென்று, நன்கு வளர்ந்த இரண்டு பெரிய மீன்களைப் பொறுக்கி ஒரே தொட்டியில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பெரும்பாலும் அவை இரண்டுமே பெண்ணாக இருக்கும். ஓய்வில்லாமல் ஒன்றையொன்று கடித்து விரட்டும். சில நாட்களில் ஒன்று செத்து மிதக்கும். இனத்தைத் தவறாகக் கணித்தாலோ வேறு வகையான இழப்பு. இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் கலப்பினக் குஞ்சுகள் ஒரே பெயரில் நாடெங்கும் போய்விடும். பிறகு தூய இனம் எது என்று எவராலும் சொல்ல முடியாது.

நிறத்தை நம்பலாமா?

மீனை அடையாளம் காண்பது என்றவுடன் நாம் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பவளப்பாறை மீன்களைப் பொறுத்தவரை நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை. பெரிய அறிஞர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவிலும் வாழும் பேரரசத் தேவதை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மீனின் உடலில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கண்ணைச் சுற்றி முகமூடி போட்டாற்போல் கறுப்பு. இதன் குஞ்சோ கருநீல உடலில் வெள்ளை வளையங்கள் கொண்டது. குளத்தில் கல் எறிந்தால் எழும் வட்டங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அவை அமைந்திருக்கும். 1787-இல் ஜெர்மனியைச் சேர்ந்த புளோக் என்ற மருத்துவர் வளர்ந்த மீனுக்குப் பெயர் சூட்டினார். 1801-இல் வெளிவந்த நூலிலே குஞ்சுக்கு, தனி இனம் என்று கருதி, நிக்கோபார் தீவுகளின் பெயரால் வேறொரு பெயர் கொடுக்கப்பட்டது. அந்த நூலும் அதே புளோக்கின் குறிப்புகளைக் கொண்டு அவர் மறைவுக்குப்பின் வெளியிடப்பட்டதுதான்! பெரிய மீன்கள் தம் எல்லைக்குள் தம்மைப் போன்ற நிறமுடைய மீனை விட்டுவைப்பதில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டிருக்கும்வரை குஞ்சு பிழைத்துக்கொள்கிறது.

குஞ்சும் தாயும் இரண்டு இனமானது போல, கணவனும் மனைவியும் இரண்டு இனமான கதையும் உண்டு. நீண்ட மூக்குடைய பறவை மீன் என்ற ஒன்றில், ஆண் பச்சையும் நீலமுமாக இருக்கும். பெண் வெளிர் நிறமும் பழுப்பும் கலந்தது. இரண்டும் தனித்தனிப் பெயர்களுடன் நூறாண்டுகளுக்கு மேல் நூல்களில் இடம்பெற்றிருந்தன. 1957-இல் ஸ்டிராஸ்பர்க், ஹையட் என்ற இருவர் வயிற்றை அறுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பச்சை மீன்கள் ஆண்கள், பழுப்பு மீன்கள் பெண்கள் என்பது தெளிவாயிற்று. இரண்டு பெயர்களில் ஒன்று கைவிடப்பட்டது.

ஆகவே நிறத்தைப் பார்ப்போம். ஆனால் அதன் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத மாட்டோம்.

முட்களை எண்ணுங்கள்

இப்போது நம் தொட்டிக்கு வருவோம். கோமாளி மீன்கள் என்று நாம் சொல்லும் கூட்டத்தில் ஏறத்தாழ 30 இனங்கள் உண்டு. எல்லாம் கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கிடையே அச்சமின்றி வாழ்பவை. கிச்சிலி நிறமும் மூன்று வெள்ளைப் பட்டைகளும் கொண்டு, ஒன்றையொன்று உரித்துவைத்தாற்போல் இருப்பவை இரண்டு இனங்கள். ஒன்று ஆம்ஃபிபிரியான் பெர்க்குலா. பிரான்ஸ் நாட்டு லாசெப்பேடு 1802-இல் பெயரிட்டது. மற்றது ஆம்ஃபிபிரியான் ஒசெல்லாரிஸ். இதற்குக் குவியே 1830-இல் பெயரிட்டார். பெயர்கள் தனித்தனியே இருந்தும், நெடுங்காலம் இரண்டையும் பெர்க்குலா என்றே பலர் அழைத்து வந்தார்கள். 1972-இல் ஜெரால்டு ஆலன் என்பவர் இந்த மீன்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இக்கூட்டம் முழுவதும் சீராக வகைப்படுத்தப்பட்டது அதற்குப் பிறகுதான் எனலாம். அலங்கார மீன் கடைகளில் இன்றும் ஒன்றை 'உண்மைப் பெர்க்குலா' என்றும் மற்றதைப் 'போலிப் பெர்க்குலா' என்றும் சொல்லுகிறார்கள். பாவம், ஒசெல்லாரிஸ் யாருடைய போலியும் அன்று!

இவற்றைப் பிரிக்க மீன் அறிஞர்கள் செய்யும் வேலை மிக எளியது. மீனின் முதுகுத் துடுப்பை உற்றுப் பாருங்கள். முன்பாதியில் கெட்டியான, கூரிய முட்கள் இருக்கும். பின்பாதியில் மெல்லிய, நுனியில் கிளைவிட்ட கதிர்கள் இருக்கும். முட்களை மட்டும் எண்ணுங்கள். 11 இருந்தால் அது ஒசெல்லாரிஸ். 10 இருந்தால் பெரும்பாலும் பெர்க்குலா. உயிருள்ள மீன் நின்று கொடுக்காது என்பீர்கள். உண்மைதான். மீன் சினங்கொண்டு துடுப்பை விரிக்கும் வேளை பார்த்து ஒளிப்படம் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி நிதானமாக எண்ணலாம்.

'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் ஏன் போட்டேன் என்பதைக் கவனித்தீர்களா? ஒசெல்லாரிஸில் 10 முட்கள் உள்ள மீன்களும் சில உண்டு. பெர்க்குலாவில் 9 உள்ளவையும் உண்டு. எனவே 10 என்று விடை வந்தால் வழக்கு முடியவில்லை. அடுத்த சாட்சியைக் கூப்பிட வேண்டும். மார்புத் துடுப்பின் கதிர்கள் ஒசெல்லாரிஸில் வழக்கமாக 17. பெர்க்குலாவில் வழக்கமாக 16. இதிலும் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ செய்யும். முட்கள் கொண்ட முன்துடுப்பு ஒசெல்லாரிஸில் சற்று உயரமாக நிமிர்ந்திருக்கும். பெர்க்குலாவில் தாழ்வாக இருக்கும். கண்ணின் கருமணியைச் சுற்றியுள்ள வளையம் பெர்க்குலாவில் பளிச்சென்ற கிச்சிலி நிறம். அதனால் கண் சிறிதாகத் தோன்றும். ஒசெல்லாரிஸில் அந்த வளையம் சாம்பல் ஓடியிருக்கும். கண் பெரிதாகத் தெரியும். வெள்ளைப் பட்டைகளின் ஓரக் கறுப்பு பெர்க்குலாவில் தடிமனாக இருக்கும். சிலவற்றில் பட்டைகளுக்கிடையே உள்ள இடம் முழுவதுமே கறுத்திருக்கும். ஒசெல்லாரிஸில் அது மயிரிழை போல மெல்லியது, அல்லது இல்லவே இல்லை.

ஓர் அடையாளம் தவறலாம். நான்கு அடையாளங்கள் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால் தவறு நேர்வது அரிது. வகைப்பாட்டியல் என்ற அறிவியல் இப்படித்தான் நடைபெறுகிறது. ஒரே ஒரு அங்கமச்சத்தை வைத்து ஆளைத் தேடுவது திரைப்படங்களில் மட்டுமே.

இன்னொரு சாட்சி, மீன் வந்த ஊர். ஒசெல்லாரிஸின் தாயகம் அந்தமானிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக ஜப்பானின் தென்தீவுகள்வரையும், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைவரையும் பரவியது. பெர்க்குலா வாழ்வது நியூகினியின் வடகரை, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே உள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதி. ஒன்றின் எல்லையில் மற்றது இயற்கையாக இல்லை. அந்தமானில் பிடித்த மீன் என்று உறுதியாகத் தெரிந்தால் முள்ளை எண்ணும் வேலையே மிச்சம். 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கதை நடக்கும் இடம் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. அங்கே வாழ்வது பெர்க்குலா. ஆனால் வரைந்திருக்கும் மீனோ ஒசெல்லாரிஸைத்தான் ஒத்திருக்கிறது!

பண்ணையில் பிறந்த மீன்களுக்கு ஊர் என்று எதைச் சொல்வது? அங்கேதான் தொல்லை. நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் பட்டை சிதைந்தோ விரிந்தோ பிறக்கும் ஒன்றிரண்டைப் பொறுக்கி, இணைசேர்த்து, 'பனித்திவலை' என்றும் 'பிக்காசோ' என்றும் பெயர் சூட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இவற்றில் பட்டையும் பயன்படாது, ஓரக் கறுப்பும் பயன்படாது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ஒட்டிய கடலில் ஒசெல்லாரிஸ் இயற்கையாகவே கறுப்பு உடலும் வெள்ளைப் பட்டையுமாக இருக்கிறது. அதுவும் பண்ணைகளில் கலந்துவிட்டது. முள்ளின் எண்ணிக்கை மட்டும் அசையாமல் நிற்கிறது.

கலப்பினம் கடலிலும் பிறப்பதுண்டு. நியூகினிப் பகுதியில் கிடைத்த, தலையில் வெள்ளைக் குல்லாய் போன்ற அடையாளமுடைய ஒரு மீனை 1973-இல் ஆலன் தனி இனமாக விவரித்தார். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளில் அது வேறு இரண்டு இனங்களின் கலப்புக் குழந்தை என்று தெரியவந்தது. கோமாளி மீன்களின் குலமுறையை ஒழுங்குபடுத்திய மனிதருக்கே இந்த நிலை என்றால், கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் கடலில்

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பெர்க்குலாவைத் தேடினால் கிடைக்காது. இங்கே குழப்பம் உண்டாக்குவது வேறொரு இரட்டையர். ஆம்ஃபிபிரியான் கிளார்க்கி, ஆம்ஃபிபிரியான் செபே என்பவை அவை. இரண்டும் கரும்பழுப்பு உடலும் மஞ்சள் துடுப்புகளும் வெள்ளைப் பட்டைகளும் கொண்டவை. கிளார்க்கியை 1830-இல் பென்னட் என்பவர் முதன்முதலாக விவரித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நமக்கு அண்டையிலுள்ள இலங்கைக் கரையின் மீன்.

கிளார்க்கியில் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வாலின் அடியில் ஒன்று என மூன்று பட்டைகள் இருக்கும். கரிய உடல் முடிந்து வெளிர் வால் தொடங்கும் இடம் கத்தியால் கீறினாற்போல் தெளிவாகத் தெரியும். செபேயில் பட்டைகள் இரண்டே. நடுப்பட்டையை நன்றாகப் பாருங்கள். அது நேராக நிற்காமல் மேலே போகப் போகப் பின்னோக்கிச் சாய்ந்து, முதுகுத் துடுப்பின் மேலும் ஏறியிருக்கும். வால் மஞ்சள். கடைகளில் கிளார்க்கியைச் செபே என்று விற்பது மிகச் சாதாரணம். இந்தச் சாய்ந்த பட்டையைத் தெரிந்துகொண்டவர் ஏமாற மாட்டார்.

வீட்டை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் கடற்சாமந்தி இனங்கள் உலகில் 10. கிளார்க்கி பத்திலும் வாழும். எந்த வீட்டிலும் உண்டு உறங்கும் விருந்தாளி அது. செபே அப்படியன்று. கம்பளம் போல் மணலில் விரிந்து கிடக்கும் ஹாடன் கடற்சாமந்தி ஒன்றைத்தான் அது நாடும். ஆகவே வேறு வகைக் கடற்சாமந்தியில் குடியிருக்கும் மீனைக் கண்டால் கிளார்க்கி என்றே முதலில் எண்ண வேண்டும். கிளார்க்கியின் நிறம் வீட்டுக்கு வீடு மாறுவதும் உண்டு. மெர்ட்டன் கடற்சாமந்தியில் வாழும் கிளார்க்கி, கரி பூசினாற்போல் கறுத்துவிடும்.

இலங்கைக் கரையிலும் மாலத்தீவிலும் மட்டும் வாழும் இன்னொரு கோமாளி உண்டு. ஒற்றை வெள்ளைப் பட்டையும், கரிய வயிற்றுத் துடுப்புகளும் அதன் அடையாளம். இதை யாரும் வேறொன்றோடு குழப்பிக்கொள்வதில்லை.

ஆணா, பெண்ணா?

இனி இரண்டாம் கேள்வி. இதற்கு விடை சொல்லுமுன் கோமாளி மீனின் குடும்பத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கடற்சாமந்தியில் ஒரு குடும்பம் இருக்கும். அதிலே எல்லோரிலும் பெரியது பெண். அவளே தலைவி. அவளுக்கு அடுத்த அளவுள்ளது ஆண். மற்றவை எல்லாம் இன்னும் சிறியவை. அவை ஆணுமல்ல, பெண்ணுமல்ல, முட்டையிடுவதுமில்லை. அவை இந்த இணையின் பிள்ளைகளும் அல்ல. எங்கோ பிறந்து, நீரோட்டத்தில் மிதந்து வந்து, இடம் கேட்டுத் தங்கியவை. சிறிய மீனின் உடலுக்குள் சூலகத் திசுவும் விந்தகத் திசுவும் சேர்ந்தே இருக்கின்றன. எது வளரும் என்பது பிறப்பில் எழுதப்படவில்லை. வரிசையில் அதற்குக் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது.

தலைவியைப் பெரிய மீன் ஒன்று தின்றுவிட்டது என்று வையுங்கள். வெளியிலிருந்து வேறொரு பெண் வருவதில்லை. மனைவியை இழந்த ஆண் வளரத் தொடங்குகிறது. அதன் விந்தகம் சுருங்கி, சூலகம் பெருக்கிறது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது முட்டையிடும் பெண்ணாகிவிடுகிறது! வரிசையில் மூன்றாவதாக நின்ற மீன் ஆணாக முதிர்ந்து அதற்குத் துணையாகிறது. 1977-இல் ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே என்ற ஜெர்மானிய அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் இந்த உண்மையை விளக்கினார்கள். பெண்ணின் அதட்டல்தான் ஆணை ஆணாகவே வைத்திருக்கிறது. அந்த அதட்டல் நின்றவுடன் மாற்றம் தொடங்குகிறது என்பது அவர்களின் முடிவு. நீமோவின் கதையில் தாய் இறந்துவிடுகிறாள் அல்லவா? உயிரியல்படி கதை நடந்திருந்தால் நீமோவின் தந்தை கொஞ்ச நாளில் தாயாகியிருப்பார்!

மாற்றம் எங்கே தொடங்குகிறது? அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒசெல்லாரிஸ் ஆண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஒன்று தலைமை ஏற்றது. 2019-இல் வெளியான அவர்களின் முடிவு வியப்பானது. இனப்பெருக்கத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று பெண்ணுக்கு உரிய அளவை அடைந்துவிட்டது. அப்போது விந்தகம் இன்னும் சூலகமாக மாறி முடியவில்லை. அதாவது மூளை முதலில் பெண்ணாகிறது. உடல் பின்னால் வருகிறது.

சிறியவை வளர்ந்து பெரியவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். அவை வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன! பாப்புவா நியூகினியில் பெர்க்குலா மீன்களை ஆராய்ந்த பீட்டர் பஸ்ட்டன் 2003-இல் இதை எழுதினார். ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே உள்ள மீனின் நீளத்தில் சுமார் 80 விழுக்காட்டளவில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. மீறி வளர்ந்தால் வீட்டைவிட்டு விரட்டப்படும். கடற்சாமந்தியை விட்டு வெளியேறிய கோமாளிக்குக் கடலில் உயிர் நிலைக்காது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தலைவியின் நீளம் 60 மில்லிமீட்டர் என்றால் ஆண் 48; அடுத்தது 38; அதற்கடுத்தது 31 அளவில் இருக்கும். கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவுடன் யார் யாருக்கு என்ன பதவி என்று சொல்லிவிடலாம்.

பெரியது ஏன் பெண்ணாக இருக்க வேண்டும்? இதற்கும் கணக்குத்தான் விடை. நீளம் இரண்டு மடங்கானால் உடலின் பருமன் 2×2×2, அதாவது எட்டு மடங்கு. முட்டைகளை வைக்க இடம் வேண்டும். ஆகவே பெரிய உடலில் முட்டை மிகுதி. விந்தணுவோ மிகச் சிறியது; சிறு உடலிலும் அது போதிய அளவு சுரக்கும். ஒரே இணையாக வாழும் மீன்களில் பெரியது பெண்ணாக இருந்தால் இருவருக்கும் பிள்ளைகள் மிகுதி. உடலளவைப் பொறுத்துப் பால்மாற்றம் இலாபமாகலாம் என்ற இந்தக் கருத்தை 1969-இலேயே கிசலின் என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார்.

எனவே தனியாக ஒரே ஒரு கோமாளி மீனைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் அறிஞரும் கையை விரிப்பார். இரண்டைச் சேர்த்துக் காட்டுங்கள், சொல்லலாம். பெரியது பெண். சிறியது அடிக்கடி அதன் முன்னே போய் உடலைச் சாய்த்து நடுநடுங்கும். 'நான் உனக்கு அடங்கியவன், அடிக்காதே' என்று சொல்வது போன்ற பணிவு அது. முட்டையிடும் நாட்களில் இன்னொரு அடையாளமும் வெளிப்படும். வயிற்றின் அடியில் நீண்டு தெரியும் சிறு குழல் ஆணுக்கு மெல்லியதாகவும் கூர்மையாகவும், பெண்ணுக்குப் பருத்து மழுங்கியதாகவும் இருக்கும். கன்னத்தில் முள் உடைய செங்கருங் கோமாளி மீனில் மட்டும் பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும். பெண் மிகப் பெரியதும் கருஞ்சிவப்பானதும். ஆண் சிறியது, பளிச்சென்ற சிவப்பு. கிளார்க்கி மீனிலும் ஜப்பானியக் கரையில் ஒரு துப்பு உண்டு. அங்கே பெண்ணின் வால் வெள்ளை. ஆணின் வாலில் மஞ்சள் தெரியும்.

நேர்மாறான ஒரு குடும்பம்

கடலில் எல்லோரும் கோமாளியைப் போல் மாறுவதில்லை. துப்புரவு மீன் என்று ஒன்று உண்டு. நீல உடலில் கரிய கோடு ஓடும், விரல் நீள மீன். பெரிய மீன்களின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். இங்கே ஒரு பெரிய ஆண், ஐந்தாறு பெண்களோடு வாழ்கிறது. ஆண் இறந்தால் பெண்களில் பெரியது ஆணாகிவிடும். 1972-இல் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்திரேலியாவில் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஆண் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள் தலைமைப் பெண் ஆணைப் போல எல்லையைச் சுற்றி அதட்டத் தொடங்குகிறது. 14 முதல் 18 நாட்களில் அதனிடம் விந்தணு உண்டாகிவிடுகிறது. பல பெண்களைக் காவல் காக்க முடிந்த பெரிய ஆணுக்கே இங்கே பிள்ளைகள் மிகுதி. அதனால் சிறு வயதில் பெண், பெரிதானபின் ஆண் என்பதே இலாபம்.

இந்த மீனுக்கு ஒரு போலியும் உண்டு. அதே நீலம், அதே கரிய கோடு. ஆனால் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. துப்புரவு செய்ய வருகிறது என்று நம்பிக் காத்திருக்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும். புழுக்களையும் பிற மீன்களின் முட்டைகளையும் தின்பதும் உண்டு. தெரியாமல் தொட்டியில் விட்டவர் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தை மறந்துவிட்டு வாயைப் பாருங்கள். துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியில் இருக்கும். போலியின் வாய் முகவாய்க்குக் கீழே, மூக்கு மேலே துருத்திக்கொண்டிருக்க, சுறாவின் வாய் போல் அமைந்திருக்கும்.

பண்ணையில் இந்த அறிவு

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்த்திருக்கிறார்கள். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பயிற்சி பெற்ற பெண்கள் கடல் அலங்கார உயிரினங்களை வளர்த்து விற்று வருவாய் பெறுகிறார்கள். தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பவளத்திட்டில் ஒரு மீன் வலைக்குத் தப்புகிறது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளில் மீன்களையோ பவளத்தையோ எடுப்பது சட்டப்படி குற்றம். கடற்குதிரையைப் பிடிப்பதும் 2001 முதல் குற்றமே. எனவே பண்ணையில் இணை சேர்ப்பதுதான் வழி.

இணை சேர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே இனம் என்று முள்ளை எண்ணி உறுதி செய்துகொண்டு, ஒரு பெரிய மீனையும் ஒரு சிறிய மீனையும் சேர்த்து விடுகிறார்கள். அல்லது இளம் மீன்கள் இரண்டை, அளவில் சிறிது வேறுபாடு இருக்கும்படி பார்த்து, ஒன்றாக வளர விடுகிறார்கள். யார் மனைவி, யார் கணவன் என்பதை அவை தாமே முடிவு செய்துகொள்கின்றன. பிறகு ஒரு நாள் இரண்டும் சேர்ந்து ஓட்டுத் துண்டையோ கல்லையோ வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யும். பெண் அதன்மேல் சில நூறு முட்டைகளை ஒட்டவைக்கும். அவற்றுக்கு விசிறிவிட்டு, கெட்டுப்போனவற்றைப் பொறுக்கி எடுத்துக் காப்பது பெரும்பாலும் ஆணின் வேலை. ஒரு வாரம் போல் கழித்து, விளக்கணைந்த பின்னர், இருட்டில் குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்.

அடுத்த முறை மீன் காட்சியகத்துக்குப் போகும்போது கோமாளி மீன்கள் உள்ள தொட்டியின் முன்னே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். முதலில் மொத்தம் எத்தனை மீன்கள் என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் பெரியதைக் கண்டுபிடித்து, மற்றவை அதனருகே வரும்போது என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். எது நடுங்குகிறது? எது விரட்டப்படுகிறது? பெரியது துடுப்பை விரிக்கும் நேரம் பார்த்து முட்களை எண்ணுங்கள். பிறகு, தொட்டியின்மேல் ஒட்டியுள்ள பெயர்ச் சீட்டைப் படியுங்கள்.